சாமி யார் பக்கம்? தென்னாப்பிரிக்கா நமக்குச் சொல்லும் பாடம்

(நம் சங்கத்தின் ஞாயிறு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய பேச்சின் தலைப்பை நோட்டீசில் பார்த்துவிட்டு, நமது சாலில் குடியிருக்கும் ஒரு பெரியவர் சங்க அலுவலகத்துக்கே வந்துவிட்டார். "ஏம்ப்பா, ரேஷன் கார்டுல பேர் சேர்க்க ஆறு மாசமா அலையறோம். தமிழ்ப் பள்ளிக்கூடத்துல வகுப்பை மூடப் போறாங்கன்னு பேச்சு அடிபடுது. இந்த நேரத்துல தென்னாப்பிரிக்காவும் மதமும் உலக நியாயமும் எதுக்கு?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்லாமல் இந்த மேடையை விட்டு இறங்க மாட்டோம். ஆனால் பதில் கடைசியில்தான் வரும். அதுவரை பொறுத்திருக்க வேண்டும்.

நாங்கள் ரயில்வேயில் குமாஸ்தா வேலை பார்ப்பவர்கள். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவர்கள். உலக அரசியல் பேசுவதற்கு எங்களிடம் பட்டம் கிடையாது. ஆனால் பார்சல் ஆபீசில் வருஷக் கணக்கில் உட்கார்ந்த அனுபவத்தில் ஒன்று தெரியும். மூட்டையின் மேல் என்ன எழுதி ஒட்டியிருக்கிறது என்று பார்த்து நாங்கள் கட்டணம் போடுவதில்லை. தராசில் ஏற்றுகிறோம். மதத்தின் பெயரால் அரசியல் பேசுகிறவர்களையும் அப்படித்தான் நிறுத்துப் பார்க்க வேண்டும். அப்படி நிறுத்துப் பார்ப்பதற்கு உலகத்தில் தென்னாப்பிரிக்காவைப் போல இன்னொரு இடம் இல்லை. ஏனென்றால் அங்கே அடித்தவன் கையிலும் ஒரே வேதம் இருந்தது. அடிபட்டவன் கையிலும் அதே வேதம் இருந்தது.

முதலில், அந்த நாடு நமக்கு அந்நியமல்ல. 1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் தேதி, சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்ற கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதில் போனவர்கள் கரும்புத் தோட்டத்து ஒப்பந்தக் கூலிகள். நம்மைப் போலவே ஊரில் பிழைப்பில்லாமல் மூட்டை கட்டியவர்கள். ஒப்பந்தம் முடிந்தும் அங்கேயே தங்க நினைத்தவர்கள் தலைக்கு வருஷம் 3 பவுன் வரி கட்ட வேண்டும் என்று 1895இல் சட்டம் போட்டார்கள். ஒப்பந்தக் கூலியின் முதல் வருஷச் சம்பளம் மாதம் 10 ஷில்லிங். 3 பவுன் என்றால் 60 ஷில்லிங். கணக்கு உங்களுக்கே தெரியும்.

1913 மார்ச் மாதம் கேப் மாகாண நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. கிறிஸ்தவ முறைப்படி நடந்து பதிவான கல்யாணம்தான் அந்த நாட்டில் கல்யாணம், மற்றவை செல்லாது என்று அந்தத் தீர்ப்புக்குப் பொருள் ஏற்பட்டது. தாலி கட்டி வாழ்ந்தவள் மனைவி இல்லை. நிக்காஹ் செய்து வாழ்ந்தவள் மனைவி இல்லை. அவர்கள் பெற்ற பிள்ளைகள் சட்டப்படி பிள்ளைகள் இல்லை! ஒருவன் மதம் இன்னொருவன் அடுப்படி வரை சட்டமாக வந்து நின்றால் எப்படி இருக்கும் என்பதை நம் தாய்மார்கள் நினைத்துப் பார்க்க வேண்டும்.

அன்று பெண்கள் வீதிக்கு வந்தார்கள். தமிழ்ப் பெண்கள் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போய் நம் தொழிலாளிகளிடம் பேசினார்கள்; சுரங்கம் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. தில்லையாடி வள்ளியம்மை என்று நாம் போற்றும் அந்தப் பெண், சிறையில் பிடித்த காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22ஆம் தேதி, 16 வயதில் உயிர்விட்டாள். அதே வருஷம் வரி ஒழிந்தது. கல்யாணங்களுக்கும் சட்ட அங்கீகாரம் கிடைத்தது.

இதைப் பெருமையோடு சொல்கிறோம். ஆனால் பெருமையோடு நிறுத்திக்கொண்டால் நாம் தராசில் கை வைக்கிறவர்கள் ஆகிவிடுவோம். அதே 1913இல் இன்னொரு சட்டமும் வந்தது. அந்த மண்ணின் சொந்தக்காரர்களான கறுப்பின மக்கள் நாட்டின் ஏறக்குறைய 7 சதவீத நிலத்துக்கு வெளியே நிலம் வாங்கக் கூடாது என்றது அந்த நிலச் சட்டம். 1936இல் அது 13 சதவீதம் ஆயிற்று. மக்கள் தொகையில் மிகப் பெரும்பான்மையோருக்கு அவ்வளவுதான் இடம். இதை எதிர்த்து நமது சத்தியாகிரகம் குரல் கொடுக்கவில்லை. காந்தியார் தலைமையில் நடந்த அந்தப் போராட்டம் இந்தியர் குறையை மட்டுமே பேசியது. பக்கத்து வீட்டில் நடந்த பெரிய களவை நாம் கண்டுகொள்ளவில்லை. இந்தக் குறையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவோம்.

தோழர்களே,

1948இல் தேசியக் கட்சி ஆட்சிக்கு வந்தது. அதன் பிரதமர் மலான் அரசியலுக்கு வருமுன் டச்சு சீர்திருத்தச் சபையின் போதகராக இருந்தவர். நிறத்தின்படி மனிதர்களைப் பிரித்து வைக்கும் கொள்கை அந்தச் சபைக்குப் புதிதல்ல. 1857லேயே அதன் பேரவை, 'சிலருடைய பலவீனத்தை' முன்னிட்டு, நிறத்தவருக்குத் தனி ஆராதனை நடத்தலாம் என்று இடம் கொடுத்தது. சிலருடைய பலவீனம்! பக்கத்தில் உட்காரச் சகிக்காத வெள்ளையரின் பலவீனத்துக்காக மற்றவர்கள் எழுந்து போனார்கள். முதலில் தனி நேரம். பிறகு தனிக் கட்டடம். 1881இல் தனிச் சபை. கோயிலில் பழகியதைத்தான் பின்னால் அரசாங்கம் சட்டமாக எழுதியது. பாபேல் கோபுரக் கதையைக் காட்டி, இனங்கள் பிரிந்திருப்பதே ஆண்டவன் சித்தம் என்றார்கள்.

அந்தச் சித்தம் எப்படி நடைமுறைக்கு வந்தது? 1950இல் ஒவ்வொரு மனிதனையும் இனவாரியாகப் பதிவு செய்தார்கள். யார் எந்தப் பகுதியில் குடியிருக்கலாம் என்று ஊரையே கூறு போட்டார்கள். 1952இல் 'பாஸ் ஒழிப்புச் சட்டம்' என்று பெயர் வைத்து ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். பெயர்தான் ஒழிப்பு. உள்ளே பார்த்தால், கறுப்பர் எல்லோரும் சட்டைப் பையில் ஒரு புத்தகத்தைச் சுமந்து திரிய வேண்டும். இதைத்தான் சொல்கிறோம், ஒட்டிய சீட்டை நம்பாதே என்று! அனுமதி இல்லாத கறுப்பன் நகரத்தில் 72 மணி நேரத்துக்கு மேல் தங்கினால் குற்றம். சுரங்கத்துக்கு வந்த தொழிலாளி ஆண்கள் விடுதியில் கிடப்பான். பெண்டாட்டி பிள்ளைகள் ஊரில் கிடப்பார்கள். அவன் கைகள் நகரத்துக்கு வேண்டும்; அவன் குடும்பம் வேண்டாம்.

1960களின் பிற்பகுதியில், மண்ணின் மைந்தருக்கே வேலை என்ற கோஷத்தோடு இந்தப் பம்பாயில் நம்மவர் கடைகள்மேல் கல் விழுந்த கதையை நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். 'எங்கிருந்து வந்தாய், ஏன் வந்தாய்' என்று ஒருவன் கேட்கும்போது வயிற்றில் ஏறும் குளிர் நமக்குத் தெரியும். அங்கே அந்தக் கேள்வியைச் சட்டமே, சொந்த மண்ணில் பிறந்தவனைப் பார்த்து, தினந்தோறும் கேட்டது.

அப்படியானால் மதமே கெட்டது என்று முடித்துவிடலாமா? முடியாது, தோழர்களே. தராசின் மறு தட்டையும் பார்க்க வேண்டும்.

1957இல் வெள்ளையர் பகுதியில் உள்ள கோயிலுக்குக் கறுப்பர் வருவதைத் தடுக்க மந்திரிக்கு அதிகாரம் தரும் சட்டம் வந்தது. கேப் டவுன் ஆங்கிலிக்கன் பேராயர் ஜெஃப்ரி கிளேட்டன், இதற்குக் கீழ்ப்படிய முடியாது, எங்கள் மக்களையும் கீழ்ப்படியச் சொல்ல முடியாது என்று பிரதமருக்குக் கடிதம் எழுதி மார்ச் 6ஆம் தேதி கையெழுத்திட்டார். மறுநாள் இறந்துபோனார். அவர் பெரிய புரட்சிக்காரர் அல்ல, சட்டத்துக்குப் பயந்தவர். ஆனாலும் ஒரு இடத்தில் நின்றார்.

1960 மார்ச் 21ஆம் தேதி ஷார்ப்வில்லில் பாஸ் சட்டத்தை எதிர்த்துக் கூடிய மக்கள்மேல் போலீஸ் சுட்டு 69 பேர் இறந்தார்கள். அந்தச் சாவுகள் பெயர்ஸ் நௌடே என்ற போதகரை உலுக்கின. அவர் ஆளும் வெள்ளையரின் சபையைச் சேர்ந்தவர். அவர்களுடைய ரகசியச் சங்கத்தை உருவாக்கியவர்களில் அவர் தந்தையும் ஒருவர். 1963இல் சபை அவரிடம், எல்லா நிறத்தவரும் சேர்ந்து இயங்கும் கிறிஸ்தவ நிறுவனம் வேண்டுமா, போதகர் பட்டம் வேண்டுமா என்று கேட்டது. பட்டத்தை விட்டார். 1977இல் அரசு அவருக்குத் தடை ஆணை போட்டது. ஒரே நேரத்தில் ஒருவருக்கு மேல் யாரையும் சந்திக்கக் கூடாது. ஏழு வருஷம் அப்படி இருந்தார்.

கேப் டவுனில் அப்துல்லா ஹாரூன் என்ற இமாம் கறுப்பர் குடியிருப்புகளுக்குப் போய் அவர்களோடு நின்றவர். 1969 மே மாதம் பிடித்துப் போனார்கள். 123 நாள் காவலுக்குப் பின் செப்டம்பர் 27ஆம் தேதி பிணமாகத் திரும்பினார். மாடிப்படியில் விழுந்தார் என்றது போலீஸ். 54 வருஷம் கழித்து, 2023 அக்டோபரில், மறு விசாரணை நடத்திய நீதிமன்றம், சித்திரவதையால்தான் செத்தார் என்று தீர்ப்பளித்தது.

ஆகவே, மதம் எந்தப் பக்கம் என்று கேட்டால், இரண்டு பக்கமும் இருந்தது என்பதுதான் உண்மை. வித்தியாசம் வேதத்தில் இல்லை. அதை வைத்து ஒருவன் சம்பாதித்தானா, அதற்காக ஒருவன் இழந்தானா என்பதில் இருக்கிறது. பதவி, நிலம், முதல் வரிசை நாற்காலி இவற்றைக் கொண்டுவந்து கொடுக்கும் பக்தியை நாம் சந்தேகப்பட வேண்டும். நாற்காலியைப் பறிகொடுத்தும் நிற்கும் பக்தியை மதிக்க வேண்டும். கடவுள் நம்பிக்கை இல்லாத தோழர்களுக்கும் இதுவே அளவு. கொள்கைக்கும் இதே தராசுதான்.

உலக நாடுகள் என்ன செய்தன? 1946லேயே இந்தியா தென்னாப்பிரிக்காவோடு வாணிபத்தை நிறுத்திக்கொண்டது; அங்குள்ள இந்தியர் பிரச்சினையை ஐக்கிய நாடுகள் சபைக்கும் கொண்டுபோனது. 1974இல் டேவிஸ் கோப்பை டென்னிஸ் இறுதி ஆட்டத்தில் இந்தியாவுக்கு எதிரணி தென்னாப்பிரிக்கா. நம் சென்னைப் பிள்ளைகள் விஜய், ஆனந்த் அமிர்தராஜ் சகோதரர்கள் இருந்த அணி அது. நிறவெறி நாட்டோடு ஆட மாட்டோம் என்று இந்தியா மறுத்தது. கோப்பை எதிரிக்குப் போயிற்று. இழந்து நின்றது அது.

ஆனால் பிரிட்டனும் அமெரிக்காவும் பாதுகாப்புச் சபையில் பொருளாதாரத் தடையை வெட்டதிகாரம் கொண்டு தடுத்து வந்தன. தங்கம், யுரேனியம், முதலீடு, கம்யூனிசப் பூச்சாண்டி எல்லாம் காரணம். அந்த நாடுகளிலும் ஞாயிற்றுக்கிழமை கோயில் மணி அடித்துக்கொண்டுதான் இருந்தது. 1970இல் உலகச் சபைகள் மன்றம் விடுதலை இயக்கங்களின் மனிதாபிமானப் பணிக்குப் பணம் கொடுத்தபோது பணக்கார நாட்டுச் சபைகள் பல கோபித்துக்கொண்டன. 1982இல் ஒட்டாவாவில் கூடிய சீர்திருத்தச் சபைகளின் உலகக் கூட்டமைப்பு, நிறவெறிக்கு வேத ஆதாரம் காட்டுவது மதப் புரட்டு என்று அறிவித்து, இரண்டு வெள்ளைச் சபைகளின் உறுப்புரிமையை நிறுத்தி வைத்தது. அமெரிக்கச் சட்டமன்றம் 1986இல்தான், அதிபர் ரீகனின் மறுப்பையும் மீறி, தடைச் சட்டம் செய்தது. இதெல்லாம் தானாக நடக்கவில்லை. 1973இல் டர்பன் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1976இல் சொவெட்டோ மாணவர்கள் குண்டடி பட்டார்கள். அவர்கள் தள்ளியதால்தான் வண்டி நகர்ந்தது.

முன்பு சொன்ன குறைக்கு இப்போது வருவோம். 1984இல் வெள்ளை அரசு தந்திரம் செய்தது. இந்தியருக்கு ஒரு தனிச் சபை, கலப்பினத்தவருக்கு ஒரு தனிச் சபை, கறுப்பருக்கு ஒன்றுமில்லை. 'உனக்கு மட்டும் கொஞ்சம் தருகிறேன், பக்கத்து வீட்டுக்காரனை மறந்துவிடு' என்ற பேரம். அந்த ஆகஸ்டு தேர்தலில், பதிவு செய்த இந்திய வாக்காளர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்தான் ஓட்டுப் போட்டார். மற்றவர்கள் வீட்டிலேயே இருந்தார்கள். 1913இல் வைத்த பாக்கியை அந்தக் கப்பல்காரர்களின் பேரன் பேத்திகள் 1984இல் அடைத்தார்கள்.

1985 செப்டம்பரில் அந்நாட்டு இறையியலாளர்கள் 'கைரோஸ்' என்ற அறிக்கை வெளியிட்டார்கள். மதம் மூன்று விதமாகப் பேசுகிறது என்றது அது. ஒன்று, அரசாங்கம் செய்வதெல்லாம் சரி என்று ஆசீர்வதிக்கும் மதம். இரண்டாவது, 'சண்டை வேண்டாம், எல்லோரும் சமாதானமாகப் போங்கள்' என்று இரு பக்கத்துக்கும் பொதுவாக உபதேசம் செய்யும் மதம். மூன்றாவது, அநியாயத்தை அநியாயம் என்று சொல்லி அடிபட்டவன் பக்கம் வந்து நிற்கும் மதம். முதலாவதை நாம் எளிதில் அடையாளம் கண்டுகொள்வோம். ஏமாறுவது இரண்டாவதில்தான். மிதித்த கால் மிதித்தபடியே இருக்க, மிதிபட்டவனைப் பார்த்து 'மன்னித்துவிடு' என்பது சமாதானமல்ல என்று அந்த அறிக்கை உணர்த்தியது.

1990 நவம்பரில் ரஸ்டன்பர்க் மாநாட்டில், வில்லி யோங்கர் என்ற வெள்ளை இறையியல் பேராசிரியர் எழுந்து தன் குற்றத்தையும் தன் சபையின் குற்றத்தையும் ஒப்புக்கொண்டார். பேராயர் டூட்டு அதை ஏற்றுக்கொண்டார். 1994 ஏப்ரலில் எல்லோரும் ஓட்டுப் போட்டார்கள். 1996இல் டூட்டு தலைமையில் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் விசாரணையைத் தொடங்கியது. 21,000க்கும் மேற்பட்டோர் தங்கள் கொடுமையைச் சொன்னார்கள். உண்மையை முழுதும் ஒப்புக்கொண்டால் பொதுமன்னிப்பு என்றார்கள். 7,000க்கும் மேல் விண்ணப்பங்கள் வந்ததில் 849 பேருக்குக் கிடைத்தது. பழிக்குப் பழி என்று ரத்த ஆறு ஓடாமல் ஒரு நாடு திரும்பியதே, அது பெரிய காரியம். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டோம்.

ஆனால் மீதிக் கணக்கு? பாதிக்கப்பட்டவர்களுக்கு ஆறு வருஷம் உதவித்தொகை தர ஆணையம் பரிந்துரைத்தது. 2003இல் அரசு ஒரே தவணையாக 30,000 ரேண்ட் என்று முடித்தது. உண்மையைச் சொல்ல மறுத்தவர்கள்மேல் வழக்குகளும் வருஷக் கணக்கில் நகரவில்லை. 2017இல் அரசு எடுத்த நிலக் கணக்கில், தனிநபர் பெயரில் இருந்த பண்ணை நிலத்தில் 72 சதவீதம் வெள்ளையரிடமும் 4 சதவீதம் கறுப்பரிடமும் இருந்தது. மன்னிப்பு உடனே கொடுக்கப்பட்டது, நிலம் திரும்பவில்லை. மன்னிப்புக் கேட்பது பாதி நியாயம். எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பதே மீதிப் பாதி.

தாய்மார்களே, தோழர்களே,

இதுவரை கடல் கடந்த கதை. இப்போது நம் சாலுக்கு வருவோம்.

சென்ற ஆடியில் நம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றினோம். பின் சந்தில் குடியிருக்கும் நம் தமிழ்க் குடும்பங்களிடமும் வரி வசூல் செய்தோம். அந்தச் சந்திலிருந்து ஒரு அம்மா 201 ரூபாய் கொடுத்தார். தம் கையால் அரைத்த கேழ்வரகு மாவையும் ஒரு தூக்கில் கொண்டுவந்து கொப்பரை அருகில் வைத்தார். பணத்துக்கு ரசீது கொடுத்தோம். மாவை வாங்கவில்லை. யாரும் வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. பூஜை முடிகிறவரை அந்தத் தூக்கு சுவரோரமாக இருந்தது. சாயங்காலம் அந்த அம்மா வந்து, ஒன்றும் பேசாமல், எடுத்துக்கொண்டு போனார்.

ரசீதில் கையெழுத்துப் போட்டது எங்களில் ஒருவர்தான். ஊரில் எந்தத் தெரு என்று கேட்டு ஆளை அளக்கும் பழக்கத்தை வி.டி. ஸ்டேஷனில் இறங்கும்போது மூட்டையோடு சேர்த்து நாமும் இறக்கிவிட்டோம். தூக்கைப் பார்த்தோம், பேசாமல் இருந்தோம். சிலருடைய பலவீனத்தை முன்னிட்டு!

பிறகு நாங்கள் இதைப் பேச்செடுத்தபோது சில நண்பர்கள் சொன்னார்கள்: "வெளியூரில் பிழைக்க வந்த இடம். இதைக் கிளறினால் ஒற்றுமை கெட்டுவிடும். சமாதானமாகப் போவோம்." கைரோஸ் அறிக்கை சொன்ன இரண்டாவது மதம் இதுதான். கெட்டுப்போவதற்கு ஒற்றுமை ஏற்கெனவே இருந்திருக்க வேண்டும்.

எனவே அடுத்த வாரப் பொதுக்குழுவில் நாங்கள் மூன்று தீர்மானங்களை வைக்கிறோம். ஒன்று, வருகிற ஆடியில் கொப்பரையில் விழும் முதல் படி மாவு பின் சந்து வீடுகளிலிருந்து வர வேண்டும். அடுப்பைப் பற்றவைப்பதிலும் கூழ் ஊற்றுவதிலும் அவர்கள் கை இருக்க வேண்டும். இரண்டு, விழாக் குழுவில் அந்தக் குடும்பங்களுக்கு இடம். வரவு செலவுப் புத்தகம் அவர்கள் முன்னாலும் படிக்கப்பட வேண்டும். மூன்று, சங்க நிர்வாகிகள் எல்லோரும் அந்த அம்மாள் வீட்டுக்கு நடந்துபோய், செய்தது தவறு என்று சொல்ல வேண்டும். அவர் மன்னிக்க வேண்டும் என்று நாம் கேட்கக் கூடாது. மன்னிப்பதும் மறுப்பதும் அவர் உரிமை. நம் வேலை தவறைச் சொல்வதும் இடத்தைத் திருப்பிக் கொடுப்பதும்தான்.

இந்தத் தீர்மானங்கள் தோற்றால் விழாக் குழுவில் எங்களுக்கு இடம் இருக்காது என்று சொல்லியிருக்கிறார்கள். இருக்கட்டும். தராசைப் பற்றி இவ்வளவு நேரம் பேசியவர்கள் தாங்களும் அதில் ஏறத்தான் வேண்டும்.

கடைசியாக, அந்தப் பெரியவருக்குப் பதில். ஐயா, தமிழ்ப் பள்ளிக்கூடத்து வகுப்பை மூடக் கூடாது என்று மாநகராட்சிக்குக் கொடுக்க மனு எழுதி வைத்திருக்கிறோம். அதில் பின் சந்துக் குடும்பங்களின் கையெழுத்து நமக்கு வேண்டும். அந்த வகுப்பில் படிக்கும் பிள்ளைகளில் பாதிப் பேர் அவர்கள் பிள்ளைகள். மனுவில் அவர்கள் கையெழுத்து வேண்டும், கூழில் அவர்கள் மாவு வேண்டாம் என்றால், மனுவை எந்த முகத்தோடு அவர்கள் வாசலுக்குக் கொண்டுபோவது? இதற்காகத்தான் தென்னாப்பிரிக்கா.

பொதுக்குழு அடுத்த ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு. ஆண்கள் மட்டும் வந்தால் போதாது; சமைப்பவர்களும் தண்ணீர் சுமப்பவர்களும் வர வேண்டும். பின் சந்துக்கும் நோட்டீஸ் போய்விட்டது.